பெயரின் கடைசிப் புள்ளி

அதிகாலை இரண்டு ஐம்பது.
குரெஸ்ஸாரே மருத்துவமனையில்
சர்வர் அறை மட்டும் இரைகிறது.
வெளியே பால்டிக் கடல் உறையும் ஓசையாகவும் இருக்கலாம்,
மாரிகாவுக்கு இந்நேரத்தில் இரண்டும் ஒன்று.

ஆய்வகத்திலிருந்து ஊர்மாஸ், மூன்றாம் முறையாக:
"ரத்தம் பார்த்தாயிற்று.
முடிவு மேலே போகமாட்டேன் என்கிறது.
காதகாஸ் என்று யாருமே இல்லையாம்."

காதகாஸ்,
அந்தத் தீவின் சுண்ணாம்பு மண்ணில் முளைக்கும் முட்புதர்.
இங்கே அது ஓர் எந்திரத்தின் பெயர்.
அவள் முழங்காலுக்கு இரண்டடி தள்ளி
பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருக்கிறது.

எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டாள்.
சொல்லி முடிக்குமுன் பதில்.
பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.
இல்லை.
கண்ணெதிரே நிற்பவனை
ஊர் கூடி இல்லை என்பதுபோல.

முதலில் ஹோஸ்ட்ஸ் கோப்பு.
என்றோ உடைத்துப் போட்ட எந்திரத்துக்கு அதில் ஒரு வரி,
பக்கத்தில் குறிப்பு:
'தற்காலிகம். திங்களன்று நீக்கவும். – மா.'
எந்த ஆண்டின் திங்கள்?
எழுதியவளுக்கே நினைவில்லை.
இன்றைய வம்பு அதுவல்ல. மூடினாள்.

அடுத்து, யாரிடம் பெயர் கேட்பது என்ற பட்டியல்.
இரண்டு நேம்சர்வர். இரண்டும் உயிரோடு.
செத்துக் கிடந்தால் தெரிந்துவிடும்:
கேட்டபின் ஐந்து வினாடி
கிணற்றில் போட்ட கல்.
இது அப்படியில்லை.
பணிவாக, உடனுக்குடன், தடுமாறாமல்
இல்லை என்கிறது.
பொய் சொல்பவனுக்கு இத்தனை நிதானம் வராது.
ஆகவே இவன் நம்புகிறான்.
ஆகவே இவனிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

பெயரேடு முழுவதையும் கொட்டச் சொன்னாள்.
நாற்பதாம் வரியில் கிடந்தது:
காதகாஸ், ஹைக்லா, ஹைக்லா.
மருத்துவமனையின் பெயர் இரண்டு முறை.

ஹெய்கோ, நேற்று ஆறு மணிக்கு,
கடைசிப் படகைப் பிடிக்கும் அவசரத்தில்
பெயரை முழுதாக எழுதியவன்
முடிவில் புள்ளி வைக்காமல் போயிருக்கிறான்.
எட்டு மணி நேரம் பழைய நினைவில் ஓடியது எல்லாம்.
இரண்டு மணிக்கு நினைவு காலாவதியானது.

இதைத் தமிழில் சொல்வது எளிது.
மெய்யின் தலையில் புள்ளி விழாவிட்டால்
கேட்காமலே ஓர் அகரம் வந்து ஒட்டிக்கொள்ளும்.
க் என நின்றது க ஆகிவிடும்.
மாரிகாவுக்குத் தமிழ் தெரியாது.
நடந்திருந்தது இதுதான்.

புள்ளி வைத்தாள்.
ஒன்றும் நடக்கவில்லை.
கீழ்க்குரலில் எஸ்தோனிய வசை ஒன்று.
தொடர் எண்ணைக் கூட்டாததால்
இரண்டாம் சர்வர் பழைய ஏட்டையே ஓதிக்கொண்டிருந்தது.
கூட்டினாள்.
இரண்டும் இப்போது 'உண்டு' என்றன.

ஆய்வகக் கணினி மட்டும் 'இல்லை'.
கேள்விப்பட்ட இல்லையை
அது கால் மணி நேரம் பத்திரப்படுத்தி வைக்கும்;
அதன் பூட்டு அவள் கையில் இல்லை.

"பதினைந்து நிமிடமா?" என்றான் ஊர்மாஸ்.
பொட்டாசியம் அளவைத் துண்டுத்தாளில் கிறுக்கி
படிக்கட்டில் ஓடினான்.
கட்டில் எண் தெரியாது.
"லெய்டா எங்கே?" என்றான் மூச்சிரைக்க.
செவிலி தலை நிமிராமல்
ஜன்னலோரம் கை காட்டினாள்.

மூன்று நாற்பத்தொன்றுக்கு
வார்டு அச்சுப்பொறி தானே விழித்து
எல்லாருக்கும் தெரிந்துவிட்ட முடிவை
நான்கு பிரதி அடித்துத் தள்ளியது.

மாரிகா நாற்காலியில் சாய்ந்து
ஆறிய காபியைப் பார்த்தாள், குடிக்கவில்லை.
ஹோஸ்ட்ஸ் கோப்பை மறுபடி திறந்தாள்.
திரை மூலையில் கிழமை பார்த்தாள்.

திங்கள்.

அந்த வரியை நீக்கினாள்.